எறும்பு ஜீனோம் படித்தால் வேலை கிடைக்குமா?

மகள் எறும்பு ஜீனோமை (எறும்பின் முழு டிஎன்ஏ தொகுப்பை) முதுகலையில் படிக்க விரும்புகிறாள், பிறகு வேலை கிடைக்குமா என்று பயப்படுகிறீர்கள். 'எறும்பு ஆய்வாளர்' என்ற பெயரில் வேலை தேடினால் பணியிடங்கள் மிகக் குறைவு. உங்கள் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் மகளின் நேரத்தில் பெரும்பகுதி எறும்போடு அல்ல, கணினியோடுதான் போகும். லினக்ஸ் இயங்குதளம், பைத்தான், ஆர் ஆகிய நிரல்மொழிகள், புள்ளியியல் என்று அங்கே கைவருவது மருத்துவ மரபியலிலும் பயிர் ஆய்விலும் அப்படியே செல்லும்.

ஆய்வாளர்கள் எறும்பை விரும்புவதற்குக் காரணமும் உண்டு. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது, குரோமோசோம் தொகுதி ஒன்றே. எனவே துண்டுதுண்டாகப் படித்த டிஎன்ஏவை இணைத்து ஜீனோமைக் கோக்கும்போது, தாய்வழி, தந்தைவழி என இரண்டு பிரதிகள் குழம்புவதில்லை. அளவும் சிறியது: மனிதனுக்குச் சுமார் 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள் என்றால், பெரும்பாலான எறும்புகளுக்கு 20 முதல் 50 கோடிக்குள். முதல் இரண்டு எறும்பு ஜீனோம்கள் 2010இல் வந்தன. கூட்டில் ராணி ஒன்றா, பலவா என்பதை நெருப்பெறும்பில் தீர்மானிப்பது, சேர்ந்தே கடத்தப்படும் சில நூறு மரபணுக்கள் கொண்ட ஒரு குரோமோசோம் பகுதி என்று 2013இல் தெரிந்தது.

மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் மாதிரி சேகரிப்பு. ஒரே கூட்டிலிருந்து முப்பது வேலைக்காரிகளை எடுத்துவிட்டு 'முப்பது மாதிரி' என்று எழுதுவார்கள். அவை எல்லாம் நெருங்கிய உறவினர்கள். இரண்டு வாழிடங்களை ஒப்பிடும்போது புள்ளியியல் கணக்கில் அந்த முப்பதும் கிட்டத்தட்ட ஒற்றை மாதிரிக்குத்தான் சமம். முப்பது கூட்டிலிருந்து ஒவ்வொன்று எடுத்திருந்தால் கதையே வேறு. டிஎன்ஏவுக்குப் பெரும்பாலும் 95 சதவீத எத்தனால் போதும். ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும் என்பதால் உடனே உறையவைக்கவோ, பாதுகாப்புத் திரவத்தில் போடவோ வேண்டும். வயிற்றுப் பகுதியைப் பிரித்துவிடுவது நல்லது, குடலில் இருக்கும் உணவும் பாக்டீரியாவும் எறும்பின் டிஎன்ஏவோடு கலந்துவிடும். அப்படியும் வொல்பாக்கியா பாக்டீரியா திசுக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அதைக் கணினியில்தான் களைய வேண்டும்.

அடுத்த பொறி 'இந்த மரபணு தகவமைப்பில் மாறியது' என்ற அவசர முடிவு. எறும்பில் மணமறியும் ஏற்பி மரபணுக்கள் மட்டும் பல இனங்களில் 300க்கு மேல், ஒன்றின் நகல்போல ஒன்று. ஒப்பிடும் டிஎன்ஏ வரிசைகளை ஒன்றோடொன்று தவறாகப் பொருத்தினால் இல்லாத இயற்கைத் தேர்வு தெரியும். முடிவு எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ, அவ்வளவு கவனமாகப் பொருத்தத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதுகலை சேருமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பொதுத் தரவகத்திலிருந்து ஓர் எறும்பு ஜீனோமை இறக்கி, ஜீனோம் எவ்வளவு முழுமையானது என்று சோதிக்கும் பஸ்கோ மென்பொருளில் மகள் ஓட்டட்டும். எதிர்பார்க்கும் மரபணுக்களில் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்ல ஜீனோம். ஒருமுறை வர வேண்டிய மரபணு இரண்டு முறை வரும் இரட்டிப்பு அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் 'ஏன்?' என்று குடைய வேண்டும், பெரும்பாலும் ஒரே பகுதியின் இரு பிரதிகளும் சேர்ந்து கிடப்பதே காரணம். இப்படிக் குடைவதில் மகளுக்கு ருசி இருந்தால் சேரலாம். எறும்பைப் பார்ப்பது மட்டுமே பிடிக்கும் என்றால் நடத்தையியலோ சூழலியலோ பொருந்தும்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் போதும். சர்வரில் மாணவருக்குத் தனிக் கணக்கு உண்டா? (சாதாரண மடிக்கணினியில் ஜீனோம் கோப்பது கடினம்.) டிஎன்ஏவை வரிசைப்படுத்தும் (எழுத்து எழுத்தாகப் படிக்கும்) செலவுக்குப் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறதா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்வியை நேரடியாக அந்தப் பழைய மாணவர்களிடமே கேளுங்கள்.