வாசகர் கேள்வி: புயல் வரும்போது மலைவீடு

கேள்வி: நான் தோகாவில் வேலை செய்கிறேன். வயதான பெற்றோர் கோத்தகிரியில் தனியாக இருக்கிறார்கள். வங்கக்கடலில் புயல் என்றாலே தூக்கம் போகிறது. இங்கிருந்து என்ன செய்வது?

பதில்: மலையில் காற்றைவிட மழைக்கே அஞ்ச வேண்டும். 2019 ஆகஸ்ட்டில் புயலே இல்லாமல் அதே நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி எடுத்த சரிவு இருக்கிறதா? அதுதான் முதல் ஆபத்து. சுவரில் புது விரிசல், திடீரென இறுகும் கதவு, சாயும் மரம், கலங்கி வரும் ஊற்றுநீர், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே இடம் மாற வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சரிவை ஒட்டிய அறையில் படுக்கவே வேண்டாம்.

'மேட்டுப்பாளையம் இறங்கி வாங்க' என்று கடைசி நேரத்தில் பதறாதீர்கள். கொட்டும் மழையில் மலைப்பாதைதான் மோசமான இடம். போவதானால் முந்தின நாளே.

15 நாள் மாத்திரை, மாற்று சிலிண்டர், கொஞ்சம் ரொக்கம் (நெட் போனால் ஜிபே எங்கே?) வீட்டில் இருக்கட்டும். குளிருக்குக் கரியடுப்பை மூடிய அறையில் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

மின்சாரம் போனால் செல்போன் டவரும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஓயாமல் அழைத்து அவர்கள் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். மாலை 6 மணி, உங்களுக்கு 3.30, என்று பேசி வையுங்கள். மற்ற நேரத்தில் எஸ்.எம்.எஸ். போதும். 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண் உள்ளூரில் அழைப்பதற்கானது. வெளிநாட்டிலிருந்து கிடைக்கும் என்று நம்பாமல், ஆட்சியர் அலுவலகத் தரைவழி எண்ணையும் பக்கத்து வீட்டார் இருவர் எண்ணையும் இன்றே வாங்கி வையுங்கள்.