யுகுலேலேயில் டிமினிஷ்ட் செவன்த்: கேட்டவையும் சொன்னவையும்

ஜி-சி-இ-ஏ சுருதி யுகுலேலேக்கு மட்டும். டிமினிஷ்ட் செவன்த் என்பது மும்மூன்று அரை சுர இடைவெளியில் நிற்கும் நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட். எண்கள் ஜி தந்தியிலிருந்து ஏ வரை அழுத்த வேண்டிய ஃப்ரெட் (கழுத்திலுள்ள கட்டம்) வரிசை; 0 என்றால் அழுத்தாத தந்தி. முதலில் சுருதி சேருங்கள், அப்புறம் கேளுங்கள்.

கேள்வி: சி டிமினிஷ்ட் செவன்த் பிடித்தால் விரல்கள் சிக்கிக்கொள்கின்றன.

பதில்: 2-3-2-3 தான். ஆனால் அங்கே தொடங்காதீர்கள். ஜி செவன்த் தெரியுமல்லவா, 0-2-1-2? நடுவிரலும் மோதிர விரலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இ தந்தியில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்க வையுங்கள். 1-2-1-2. ஜி மட்டும் அரை சுரம் ஏறி ஜி ஷார்ப் ஆகிவிட்டது. இதுதான் ஜி ஷார்ப் டிமினிஷ்ட் செவன்த். அடுத்து ஏ மைனர், 2-0-0-0. ஜி, ஜி ஷார்ப், ஏ என்று அந்த ஒரு தந்தி படியேறுவது காதில் விழும். இது கைக்கு வந்ததும் ஒரு ஃப்ரெட் தள்ளுங்கள், நீங்கள் கேட்ட சி வந்துவிடும்.

கேள்வி: எஃப்-க்கு?

பதில்: 1-2-1-2.

கேள்வி: பி-க்கு எது?

பதில்: அதேதான். டி-க்கும் அதேதான், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். மொத்தம் மூன்றே கார்ட்: 0-1-0-1, 1-2-1-2, 2-3-2-3. ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர். 3-4-3-4 போனால் 0-1-0-1இன் சுரங்களே திரும்ப வரும்.

கேள்வி: இது கிரகபேதம் மாதிரியா, ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை சட்ஜமாக்கி இன்னொரு ராகம் பெறுவது போல?

பதில்: நல்ல கேள்வி. மோகனத்தின் ரிஷபத்தை சட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம். இங்கே சட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம் நான்கும் மும்மூன்று அரை சுர இடைவெளியில் நிற்கின்றன. எதை சட்ஜமாக்கினாலும் அதே அமைப்பு. பேதமே இல்லாத கிரகபேதம்!

கேள்வி: அப்படியானால் இது ஹேமவதி ராகம்தானே?

பதில்: இந்த நான்கும் தர்மவதியிலும் உண்டு. கார்டை ராகமாக்காதீர்கள்.

கேள்வி: பஞ்சமம் இல்லையே, எப்படி ராகமாகும்?

பதில்: ஹிந்தோளத்தில் மட்டும் இருக்கிறதா? ராகமில்லை என்பதற்குக் காரணம் அதுவல்ல. சஞ்சாரம் எங்கே, கமகம் எங்கே? போதும், யுகுலேலேக்கு வருவோம்.

கேள்வி: 1-2-1-2 அபஸ்வரமாகக் கேட்கிறது.

பதில்: சுருதி சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால், அழுத்தம் அதிகம். நைலான் தந்தியை நசுக்கினால் சுருதி ஏறும். 2-3-2-3 சரியாகக் கேட்டால், தலைப்பக்கத்து மேட்டில் தந்தி உயரமாக இருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் பாரிடோன் யுகுலேலேயில் 2-3-2-3 வேறு மாதிரி வருகிறதே?

பதில்: அது டி-ஜி-பி-இ. முதல் வரியைப் படியுங்கள்.

கேள்வி: சி ஷார்ப்-க்கு?

பதில்: 0-1-0-1. இரண்டே விரல்.