அடிக்கவே இல்லை, அதுவும் குடும்ப வன்முறையா?

ஆமாம். வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரைப் பயமுறுத்தித் தன் பிடியில் வைத்திருப்பதுதான் குடும்ப வன்முறை. பெண்களை இதிலிருந்து பாதுகாக்க வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடி உதையோடு வசை, பாலியல் கட்டாயம், சம்பளத்தைப் பிடுங்குவது ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது.

கடலூர்க்காரர்களுக்கு, மீன் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குமடி வலை தெரியும். விரிக்கும்போது மீன் தாராளமாகத்தான் நீந்தும். அடிக்கயிற்றை இழுத்த பிறகுதான் வழி அடைபடும். வீட்டிலும் அப்படித்தான். முதலில் அவள் கையிலிருந்து ஏடிஎம் கார்டு போகும், அப்புறம் போன், பிறகு அம்மா வீட்டுப் போக்குவரத்து. ‘ஏன் கிளம்பி வரவில்லை?’ என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்.

உங்களிடம் ஒரு பெண் சொன்னால் முழுசாகக் கேளுங்கள். பஞ்சாயத்து பேசக் கணவனிடம் போய் நிற்காதீர்கள். அவள் வாய் திறந்ததற்கே அடி விழலாம். அவள் சம்மதித்தால் பெண்களுக்கான உதவி எண் 181க்குச் சேர்ந்து பேசுங்கள்.

புகார் கொடுத்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீடு கணவன் பேரில் இருந்தாலும் அதில் வசிக்கும் உரிமையை அதே சட்டம் மனைவிக்குத் தருகிறது.