யானைமலையில் டிராகன் வாழ வேண்டுமென்றால்

கேள்வி: சார், பாண்டிய நாடு மாதிரி ஒரு கற்பனை நாட்டில் நடக்கும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஊர் மேலூர் பக்கம், அதனால் தினமும் பார்க்கும் யானைமலையையே என் டிராகனுக்கு வீடாக்கிவிட்டேன். அறுபது அடி நீளம், நாலு கால், இரண்டு இறக்கை. பகலில் மலைக்குகையில் தூங்கும், ராத்திரியில் பறந்து வந்து ஊரைக் கொளுத்தும். கடைசி அத்தியாயத்தில் பத்து வயது நாயகி அதன் முதுகில் ஏறிப் பறப்பாள். படித்த நண்பர்கள் எல்லாரும் நம்புகிற மாதிரி இல்லை என்கிறார்கள். உயிரியல்படி எதை எதை மாற்ற வேண்டும்? அது என்ன தின்னும், எப்படிக் குட்டி போடும், அதை எப்படி வீழ்த்துவது?

பதில்: தம்பி, முதலில் நெருப்பை ஒதுக்கி வையுங்கள். டிராகன் என்றதும் எல்லாருக்கும் நெருப்புதான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் ஒரு விலங்கின் குணத்தைத் தீர்மானிப்பது அதன் எடையும் பசியும்தான். இந்த இரண்டையும் ஒழுங்காக வைத்துவிட்டால் அது எங்கே படுக்கும், எந்நேரம் பறக்கும், எப்போது நெருப்பைக் கக்கும், யாரிடம் தோற்கும் என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

எடையைப் பார்ப்போம். உப்புநீர் முதலை 6 மீட்டர் வளர்ந்தால் ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். உங்கள் அறுபது அடி என்பது 18 மீட்டர், அதாவது மூன்று மடங்கு நீளம். நீளம் மூன்று மடங்கானால் அகலமும் உயரமும்கூட மூன்று மடங்காகும், ஆக எடை 27 மடங்கு. 27 டன் என்றால் ஐந்தாறு யானைகளை ஒன்றாகக் கட்டியது போல. அது பறக்காது, ஓடுவதே சிரமம். இறக்கையைப் பெரிதாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். இறக்கையின் பரப்பு நீளத்தின் வர்க்கமாகத்தான் கூடும், எடையோ நீளத்தின் மும்மடியாகக் கூடும். உருவத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு 4 மடங்கு, எடை 8 மடங்கு, அப்போது ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் முன்பைவிட இரண்டு மடங்கு பாரம் சுமக்க வேண்டும். இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவையே 20 கிலோவை ஒட்டித்தான் நிற்கின்றன. நம் நாட்டுக் கானமயில் 15 கிலோ வரை வரும்.

ஆனால் மனம் தளர வேண்டாம், இயற்கை ஒருமுறை இதைவிடப் பெரிதாகச் செய்து காட்டியிருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸில் புதைபடிவமாகக் கிடைத்த குவெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனம் இறக்கையை விரித்தால் 10 மீட்டருக்கு மேல், எடை 200 முதல் 250 கிலோ வரை என்று கணக்கிடுகிறார்கள். தரையில் நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். எலும்புக்குள் வெற்றிடம், சுவரோ சில மில்லிமீட்டர்தான். இதுதான் உங்கள் டிராகனுக்கு உச்சவரம்பு. 10 மீட்டர் இறக்கை, 200 கிலோ உடம்பு, நீண்ட கழுத்தும் வாலும். பயமுறுத்த இது தாராளமாகப் போதும், மலையடியில் ஒத்தக்கடைத் தெருவில் இறங்கினால் இரண்டு பக்க வீட்டையும் இறக்கை தொடும்.

நாலு கால், இரண்டு இறக்கை என்பதை விட்டுவிடச் சொல்வேன். முதுகெலும்புள்ள பிராணிகளில் பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை என்பது முன்னங்கைதான், கூடுதலாக ஒரு ஜோடி முளைப்பதில்லை. நாலு காலையும் வைத்துக்கொண்டு காற்றில் போவது ஒன்று உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் ஓணான், விலா எலும்புகளை விசிறியாக விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். ஆனால் அது சறுக்கல், சிறகடிப்பதில்லை. அதனால் பின்னங்கால் இரண்டும், நடக்கும்போது மடித்து ஊன்றிக்கொள்கிற இறக்கைக்கை இரண்டும் கொடுங்கள். குவெட்சால்கோட்லஸ் இப்படித்தான் நடந்தது, நாலையும் ஊன்றி ஒரே எம்பில் எழும்பியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த எம்பலை ஒரு பக்கம் வர்ணியுங்கள், நெருப்பைவிட அதுதான் திகிலாக இருக்கும்.

அடுத்து குகை. யானைமலையில் இருப்பது பாறை ஒதுங்கிடங்கள், சமண முனிவர்கள் படுக்கை வெட்டி வாழ்ந்த மாதிரியான இடங்கள். சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் அரித்து உண்டாக்குகிற மாதிரி ஆழமான குகை இந்த வகைப் பாறையில் அமையாது. ஆகவே டிராகனைச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் படுக்க வையுங்கள், அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறுகள் தங்குகிற மாதிரி. (அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தானே, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள், நாவலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.) அங்கே பாறையில் மேலிருந்து கீழே வெள்ளையாகச் சுண்ணாம்பு வழிந்த மாதிரிக் கோடுகள் தெரியும். அது எச்சம். பறவையும் பெரும்பாலான ஊர்வனமும் சிறுநீரைத் தண்ணீராக விடாமல் யூரிக் அமிலமாக வெள்ளைக் குழம்பாகத் தள்ளும். 200 கிலோ டிராகன் ஒரே விளிம்பில் பல வருஷம் இருந்தால் அந்த வெள்ளைக் கோடு ஒத்தக்கடையில் இருந்தே தெரியும். கீழே அது கக்கிய உருண்டைகள் கிடக்கும்: கொமோடோ உடும்பு செரிக்க முடியாத கொம்பு, மயிர், பல் எல்லாவற்றையும் சளி சுற்றிய கட்டியாக வெளியே தள்ளும். கதையின் முதல் நாற்பது பக்கத்தில் டிராகனைக் காட்டவே வேண்டாம். ஆட்டுக்காரர் ஒருவர் மலையடியில் ஒரு உருண்டையைக் குச்சியால் கிளறட்டும், உள்ளே ஒரு கிடாயின் கொம்பும், அதற்கு அவர் கட்டியிருந்த சிவப்புக் கயிறும் இருக்கட்டும்.

இப்போது சாப்பாடு. 200 கிலோ உடம்பு வெப்ப ரத்தமாக இருந்தால் ஒரு பெரிய ஆண் புலிக்குச் சமம். ஒரு புலிக்கு வருஷத்துக்கு மான் அளவில் ஏறத்தாழ 50 இரை வேண்டும், அதைத் தாங்க அந்தக் காட்டில் 500 இரை விலங்குகள் நிலையாக இருக்க வேண்டும் என்பது புலி ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. யானைமலை மொட்டைப் பாறை, அங்கே 500 மானுக்கு எங்கே போவது? பாதி வெப்ப ரத்தம் கொடுங்கள், அதாவது பறக்கும் நாளில் உடம்பு சூடாகும், படுத்திருக்கும் நாளில் பாம்பு மாதிரி அடங்கிக் கிடக்கும். ஒரே அளவு உடம்புக்கு ஊர்வனத்தின் செலவு பாலூட்டியின் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். கொமோடோ ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை விழுங்கிவிட்டு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். இரைக்குச் சிறுமலைக் காட்டுமாட்டுக் கன்றுகள் இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கம் இருந்து கீதாரிகள் (கிடை ஆட்டு மேய்ப்பர்கள்) கொண்டுவந்து வயலில் கிடை போடுகிற செம்மறிகள் இருக்கின்றன. ஒரே வயலில் சில நூறு ஆடு அடைந்து நிற்கும், அதைவிடச் சுலபமான இரை எந்த விலங்குக்கும் கிடைக்காது. அதனால் உங்கள் கதையில் டிராகனை நன்றாக அறிந்தவர் அரசனோ தளபதியோ ஆக இருக்க முடியாது, கீதாரிதான். அது எந்தப் பக்கக் காற்றில் வரும், எந்த ஆட்டைப் பார்க்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

ராத்திரித் தாக்குதல்தான் நிஜமான சிக்கல். பருந்து, கழுகு மாதிரி கனமான பறவைகள் அதிகம் சிறகடிப்பதில்லை, காற்றில் மிதக்கின்றன. ஒத்தக்கடையில் நின்று காலை எட்டு மணிக்கு யானைமலையைப் பாருங்கள், பருந்துகள் பாறையிலேயே உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிப் பாறை சுட்டு, சுடுகாற்று மேலே எழ ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும், இறக்கையை ஒருமுறைகூட அசைக்காமல் வட்டமடித்து உயரப் போகும். 200 கிலோ டிராகனுக்கு இந்தச் சுடுகாற்று இன்னும் அதிகமாகத் தேவை. பத்து மணிக்கு முன்னால் அது தரைப்பிராணி, பொழுது சாய்ந்தால் மறுபடியும் தரைப்பிராணி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் மூடியிருந்தால் பல நாள் பறக்கவே முடியாமல் பட்டினி கிடக்கும். ஆனால் உங்களுக்கு ராத்திரிதான் வேண்டும் என்றால் ஒரே ஒரு வழி இருக்கிறது: ஆடிக்காற்று. பலத்த காற்று பாறைச் சுவரில் மோதினால் மேலே எழும், அதற்கு வெயில் தேவையில்லை. ஆடியில் கூரைகளும் காய்ந்து கிடக்கும், விழுந்த பொறியைக் காற்றே ஊர் முழுக்கக் கொண்டுபோகும். வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் ராத்திரியில் வரும் என்று வைத்தால், ஆனி முடியும்போதே ஊருக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, நெருப்பு. பொம்பார்டியர் வண்டு வயிற்றில் ஹைட்ரோகுயினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து வைத்து, ஆபத்து வந்தால் இன்னொரு அறையில் நொதியோடு கலந்து, கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கக் கொதிக்கப் பீய்ச்சும். அது தீ ஆகாது, ஆனாலும் இரண்டு அறை என்ற அமைப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். எரிபொருளாக வாயுவைப் போடாதீர்கள், வாயு பரவிப் போய்விடும், தூரம் போகாது. எண்ணெய்தான் சரி. ஃபுல்மார் என்ற கடற்பறவை தன் இரைப்பையில் சேர்த்த எண்ணெயை எதிரி மேல் துப்புகிறது. பற்றவைக்க டைபாஸ்பேன் என்ற பொருள் கொஞ்சம் போதும், காற்றுப் பட்டாலே தானாகப் பற்றிக்கொள்ளும். சதுப்பில் தெரிகிற கொள்ளிவாய்ப் பிசாசுக்கு இது காரணமாக இருக்கலாம் என்று சொல்வதும் உண்டு. உங்கள் கதையில் ஊர்ப் பெரியவர்கள் கண்மாயில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொல்வதும் டிராகன் தண்ணீர் குடிக்க வருவதும் ஒரே இடமாக இருக்கலாம்.

எதில் கவனம் வேண்டும் என்றால் விலையில். ஒரு கிலோ கொழுப்பில் 9000 கிலோகலோரி இருக்கிறது, ஒரு ஆள் நாலு நாள் சாப்பிடுகிற சாப்பாடு. மெலிந்த செம்மறியின் உடம்பில் மொத்தமே ஓரிரு கிலோ கொழுப்புதான் இருக்கும். ஒருமுறை ஒரு லிட்டர் எண்ணெயைக் கக்கினால் கிட்டத்தட்ட ஒரு ஆட்டின் கொழுப்பையே அது எரித்துவிடுகிறது. ஆகையால் எந்த டிராகனும் வேட்டைக்கு நெருப்பைச் செலவழிக்காது, தின்னப் போகிற இரையைக் கருக்கவும் கருக்காது. நல்ல பாம்பைப் பாருங்கள், முதலில் படம் எடுக்கும், சீறும், கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமலே விடும், விஷம் அதற்கு அவ்வளவு அருமை. டிராகனும் முதலில் இறக்கையை விரிக்கும், தொண்டையை உப்பும், எண்ணெய் நாற்றத்தை விடும். அதற்கும் விலகாதவனுக்குத்தான் தீ. அது ஊரைக் கொளுத்துகிறது என்றால் பசியைத் தவிர வேறு காரணம் இருக்க வேண்டும், என் யோசனை முட்டை. யாரோ முட்டையை எடுத்துவிட்டார்கள்.

முட்டை என்றதும் இன்னொன்று. 2006இல் இங்கிலாந்தின் விலங்குக் காட்சியகங்களில் ஆண் துணையே இல்லாமல் பெண் கொமோடோக்கள் கருவுள்ள முட்டை இட்டது தெரியவந்தது. அப்படிப் பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் ஆணாகத்தான் இருக்கும். உங்கள் மலையில் ஒரே ஒரு பெண் டிராகன் மிச்சம் என்று வையுங்கள், அவளால் தனியாகவே வம்சத்தைத் தொடங்க முடியும். மலைப்பாம்பு முட்டையைச் சுற்றிச் சுருண்டு உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு கொடுக்கும், அதை டிராகனுக்குக் கொடுங்கள், நெருப்பால் அடைகாக்க விடாதீர்கள். கொமோடோக் குஞ்சுகள் பெரிய உடும்புகள் தங்களைத் தின்றுவிடும் என்று மரத்திலேயே வளர்கின்றன. நம் பக்கம் பனை இருக்கிறது. பனையேறி ஒருவர் உச்சியில் மட்டைக்கு நடுவே கைவிடும்போது உள்ளே ஒன்று சீறினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

வீழ்த்துவதற்கு மந்திர வாள் தேவையில்லை. பிணந்தின்னிக் கழுகுகள் மூக்குமுட்டத் தின்றால் எழும்ப முடியாது, ஆபத்து வந்தால் தின்றதை வாந்தியெடுத்து உடம்பைக் குறைத்துக்கொண்டுதான் பறக்கும். கீதாரிக்கு இது தெரியும். கொழுத்த கிடாய் ஐந்தாறை ஒரே இடத்தில் கட்டி, சாயங்காலம் சுடுகாற்று அடங்கும் நேரத்தில் தின்ன விட்டால் அது அன்றிரவு தரையில்தான். எங்கே அடிப்பது என்றால் இறக்கைச் சவ்வில் அடித்துப் பயனில்லை, வௌவாலுக்குச் சவ்வு கிழிந்தால் ஆறிவிடும். மெலிந்த அந்த விரல் எலும்பில் ஒரு கவண்கல் விழுந்தால் போதும், பிறகு அது பறவையாகவே இருக்காது. என்னைக் கேட்டால் கொல்ல வேண்டாம் என்பேன், வம்சத்தில் கடைசிப் பெண் அல்லவா.

கடைசியாக நாயகி. கழுகு தன் எடையில் பாதியைத் தூக்கினாலே பெரிது, அதுவும் கொஞ்ச தூரம்தான். பறக்கும் எல்லையிலேயே நிற்கிற 200 கிலோ உடம்பு ஒரு வளர்ந்த ஆளைச் சுமந்து தரையில் இருந்து எழும்பாது. நல்லவேளையாக உங்கள் நாயகிக்குப் பத்து வயதுதான், 25 கிலோ இருப்பாள். குஞ்சிலிருந்தே அவள் கையால் தின்று வளர்ந்ததாக இருந்தால் பக்கத்தில் விடும். வல்லூறு பழக்குகிறவர்கள் பறவையின் எடையை நிறுத்துப் பார்த்து, லேசான பசியில் வைத்துத்தான் பறக்கவிடுவார்கள், வயிறு நிறைந்த பறவை கூப்பிட்டால் வராது. அவளும் அப்படியே செய்யட்டும். யானைமலையின் உச்சியில் இருந்து, தை மாதத்து வெயில் நாளில், பத்து மணி தாண்டிய பிறகு, இரண்டு நாளாக அது தின்னாத காலையில் அவள் ஏறினால் நரசிங்கம் கோயிலைத் தாண்டி வயல் வரைக்கும் இறங்கிவிடலாம். திரும்பி மலைக்கு அவள் நடந்துதான் போக வேண்டும்.