முரசு நோய் இருந்தால் இம்பிளான்ட் வைக்கலாமா?

அம்மாவுக்கு முரசு (ஈறு) நோயால் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடி விழுந்துவிட்டன, உடனே இம்பிளான்ட் (தாடை எலும்பில் இறக்கும் டைட்டேனியம் திருகு, அதன் மேல் செயற்கைப் பல்) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் முதலில் முரசு ஆற வேண்டும்.

இயற்கைப் பல்லை எலும்போடு பிணைத்து வைத்திருப்பவை மெல்லிய நார்கள். டைட்டேனியம் திருகுக்கு அவை கிடையாது. அது நேரே எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கிருமி உள்ளே இறங்கினால் தடுப்பு குறைவு. பல்லைச் சுற்றி எலும்பைத் தின்ற அதே நோய் திருகைச் சுற்றியும் தின்னும், பல நேரம் இன்னும் வேகமாக. பெரும்பாலும் வலிக்காது என்பதுதான் கொடுமை.

வைத்தியர் மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பியை முரசோரம் விட்டு அளப்பார். 3 வரை சரி. 5, 6 என்று இறங்கி இரத்தமும் கசிந்தால், வேரில் படிந்த காறையைச் சுரண்டி எடுத்து, சில வாரம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், முரசு ஆறுவது அதையும் பொறுத்தது.

கொழும்பில் என்றால் வார்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலையில் முதலில் காட்டலாம். தனியாரிடம் போனால், திகதி குறிக்கும் முன் முரசை அளந்தார்களா என்று கேளுங்கள்.