பதினைந்தாயிரத்தில் ட்ரோன்

கேள்வி: டிப்ளமோ படிக்கிறேன். அப்பாவுக்கு மூன்று மா நிலம். கையில் 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ட்ரோன் செய்து வயலுக்கு மருந்தடிக்க முடியுமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ட்ரோன் செய்யலாம் தம்பி, மருந்தடிக்க முடியாது. பத்து லிட்டர் டேங்க் என்றால் மருந்துத் தண்ணீரே பத்து கிலோ. உங்கள் காசுக்கு வரும் ட்ரோனின் மொத்த எடையே ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் சின்னக் கேமரா ஒன்றைக் கட்டினால், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே பயிர் மஞ்சளிக்கிறது என்று மேலிருந்து பார்க்கலாம், அதுவே அப்பாவுக்குப் பெரிய உதவி.

வாங்க வேண்டியவை இவை: எஃப்450 ஃபிரேம் (ட்ரோனின் நான்கு கை உடல்), ஏ2212 1000 கேவி மோட்டார் நான்கு (கேவி என்றால் கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி நான்கு, பத்து அங்குல ப்ரொப்பெல்லர் (சுழலும் இறக்கை), ட்ரோனைச் சாயாமல் பிடிக்கும் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர், 3எஸ், அதாவது மூன்று செல் கொண்ட, 2200 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஆறு சேனல் ரிமோட். 2022இல் முழு ட்ரோன் இறக்குமதியைத்தான் தடை செய்தார்கள், பாகங்களுக்குத் தடையில்லை, ஆன்லைனில் எல்லாமே கிடைக்கும். ஃபிரேமை மலிவாக வாங்குங்கள், உடைந்தால் அதன் ஒரு கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட்டிலும் சார்ஜரிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், இந்த இரண்டும் அடுத்த ட்ரோனுக்கும் கூட வரும்.

லிப்போ விளையாட்டுச் சாமான் இல்லை. எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது, செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, பறக்கும்போது 3.5க்குக் கீழே போவதற்குள் ட்ரோனை இறக்கிவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது மண்சட்டிக்குள் வைத்துப் பக்கத்திலேயே இருங்கள், உப்பிய பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் இந்தச் சோதனையெல்லாம் முடியும்வரை ப்ரொப்பெல்லரை மாட்டவே மாட்டாதீர்கள், விரலை வெட்டிவிடும்.

சட்டப்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ள ட்ரோன் மைக்ரோ வகை, சொந்த உபயோகத்துக்கு ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. பதிவு விதிகளையும், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர்தான் உச்சம். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

அப்புறம், ஆடிக் காற்றில் ஆரம்பிக்காதீர்கள். நடவு வயலுக்கு மேலேயும் கூடாது, சேற்றில் விழுந்தால் கன்ட்ரோலர் போய்விடும். சம்பா அறுப்பு முடிந்ததும், உளுந்து விதைக்காத காய்ந்த தரிசாகப் பார்த்து, விடியற்காலையில் காற்று எழும்பும் முன்னே போங்கள். முதல் சில நாட்கள் முழங்கால் உயரம் போதும்.