கோடை விடுமுறை: கடலோர ஊரில் நாலு நாளை எப்படிக் கழிப்பது?

நாலு நாளும் ஒரே சின்னக் கடலோர ஊர், கூட மூட்டுவலி உள்ள அம்மாவும் எட்டு வயதுப் பையனும், அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுமில்லாததுதானே வசதி, பட்டியல் போட்டு ஓட வேண்டாம்.

அறையைக் கரையை ஒட்டி, தரைத்தளத்தில் எடுங்கள். அம்மாவுக்குப் படி ஏறுவதைப் போலவே மணலில் நடப்பதும் கஷ்டமாக இருக்கலாம், அதனால் கடல் வரை சிமென்ட் பாதை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் மதியவாக்கில் காற்று கடலிலிருந்துதான் வீசும், ஏசி கூடத் தேவைப்படாமல் போகலாம்.

பையனைக் காலையிலேயே தண்ணீரில் விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் சுடும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, சற்றுக் கலங்கலாகத் தெரிந்தால் அங்கே இறக்காதீர்கள், பெரும்பாலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம் அதுதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். அவனுக்கு நீந்தத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை, தெரியாவிட்டால் முழங்கால் ஆழம் போதும், அதுவும் கையெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

கடல் நீர் உள்வாங்கியிருக்கும் வற்று நேரத்தை உள்ளூர் மீனவர்களிடம் கேளுங்கள், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அப்போது பாறை இடுக்குகளில் தேங்கும் தண்ணீரில் நண்டு பார்க்க உட்கார்ந்தால் பையன் எழுந்திருக்கவே மாட்டான். மதியம் எல்லோரும் தூங்குங்கள், சரியா?